சந்தியாகு அண்ணாச்சி தைத்த மொசாம்பிக் கொடி

ஒரு பனாமாக் கப்பலுக்கு இரண்டு கொடி வேண்டும் என்று சீட்டு எழுதி, மேலே சந்தியாகு அண்ணாச்சியின் பெயரைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மருமகன் கடை வாசலில் வந்து நின்றார். "மாமா காலையில போயிட்டாவ. நீங்க வந்துருங்க" என்றார். சீட்டைக் கிழிக்க மனமில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அடக்கத்துக்குப் போனேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் நான் எழுத்தர். அந்தக் கடைக்குக் கொடி தைத்துக் கொடுத்தவர் அவர். எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்தாலும் அந்த நாட்டுக் கொடியைக் கப்பல் ஏற்றியாக வேண்டும், அது மரியாதை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். அவர் கத்தோலிக்கர், நான் நாசரேத்து ஊரிலிருந்து வந்த புராட்டஸ்டண்ட். என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "என்னவே நாசரேத்து, மாதா இல்லாத கோயில்ல போய் என்னத்தவே கண்டீரு?" என்பார். ஆனால் தொழில் என்று வந்தால் அப்படி ஒரு கறார். "கொடி சின்னதா இருக்கலாம், கோணலா இருக்கக் கூடாதுவே. அது அந்த ஊர்க்காரன் மூஞ்சில துப்புத மாதிரி" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு கொடியை வேண்டுமென்றே குறையாகத் தைத்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபத்தைந்தாம் வருடம், ஆடி மாதம். இங்கே சரக்கு இறக்கிய ஒரு கப்பல் அடுத்து மொசாம்பிக் போக வேண்டும். அந்த நாடு விடுதலை பெற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பழைய போர்த்துகீசியக் கொடியோடு உள்ளே போனால் வம்பு என்றார் கேப்டன். புதுக் கொடியையோ இங்கே ஒருவரும் கண்டதில்லை. அந்தக் கப்பலில் மொசாம்பிக்காரர் ஒருவர் இருந்தார், அல்பேர்த்து என்று பெயர். ஊரை விட்டு ஓடி வந்து ஆறு வருடமாகக் கப்பலிலேயே கிடந்தவர். அவருடைய தங்கை, கொடியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அனுப்பியிருந்தாள். படம் கறுப்பு வெள்ளை. நிறங்களைக் கடிதத்தில் எழுதியிருந்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன்.

அல்பேர்த்து உடைந்த ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பத்து வருடம் காட்டுக்குள் சண்டை. பிறகு, ஆண்ட போர்த்துகீசியரின் சொந்த ஊரிலேயே பட்டாளம் அரசைக் கவிழ்த்தது. அதன்பின் ஒரு வருடத்துக்கும் குறைவாக இரண்டு தரப்பும் சேர்ந்து ஓர் இடைக்கால அரசு. கடைசியில் பழைய கொடி இறங்கி, சொந்த மந்திரிகள் பதவியேற்றார்கள். பேச்சின் நடுவே அவர் ஜன்னலையும் மேசையையும் காட்டி, அவற்றுக்குத் தன் ஊரில் வழங்கும் போர்த்துகீசியச் சொற்களைச் சொன்னார். கிட்டத்தட்ட நம் சொற்கள்தான். அண்ணாச்சி திகைத்துப் போனார்.

"என்னவே இது! எங்க முப்பாட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆளுவதானா இவன் முப்பாட்டனைச் சங்கிலில கட்டுனானுவ?"

அவர் பெட்டியைத் திறந்து, விற்காமல் கிடந்த போர்த்துகீசியக் கொடி ஒன்றை எடுத்தார். "பச்சையும் சிவப்பும் இதுலயே இருக்கு" என்று கத்திரியை வைத்தார். அல்பேர்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலையில் கொடி தயாராக இருந்தது. மேல் மூலையிலிருந்து விசிறியாக விரியும் பச்சை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், இடையிடையே வெள்ளை. மூலையில் ஒரு பல்சக்கரம். அல்பேர்த்துவின் விரல் சக்கரத்தில் போய் நின்றது. உள்ளே புத்தகம் இருந்தது, மண்வெட்டி இருந்தது. படத்தில் அவற்றோடு இருந்த துப்பாக்கி மட்டும் இல்லை.

"படத்துல சரியாத் தெரியல" என்றார் அண்ணாச்சி. பச்சைப் பொய். நானே அதில் பார்த்திருந்தேன். ஆனாலும் சமாதானம் செய்கிறேன் என்று, "அவ்வளவு உயரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று உளறி வைத்தேன்.

"நீரு சும்மா இரும்" என்று என்னை அடக்கிவிட்டு, சுவரைக் காட்டினார். பட்டாள உடுப்பில், கையில் துப்பாக்கியோடு ஒருவரின் படம். "எங்க அண்ணன். வெள்ளைக்காரன் பட்டாளத்துல பர்மாவுக்குப் போனான். இந்தப் படம் வந்துச்சு, ஆளு வரல. மாதாவுக்குப் பட்டு தைக்குத மிஷின்ல நான் துப்பாக்கி தைக்க மாட்டேன். அவன்கிட்டச் சொல்லும்."

சொன்னேன். அல்பேர்த்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "என் அண்ணனும் காட்டிலிருந்து வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. அவன் கையில் இருந்தது அதுதான். அதை விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு அம்மா முன்னால் போய் நிற்பேன்?"

மதியம் கப்பல் புறப்பட வேண்டும். அண்ணாச்சி தலையைக் குனிந்து உட்கார்ந்தே இருந்தார். திடீரென்று எழுந்தார். சுவரிலிருந்து அண்ணன் படத்தைக் கழற்றி, துண்டால் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துத் துப்பாக்கியைப் பென்சிலால் வரைந்து எடுத்தார். "பேப்பர்ல உள்ளது எறும்பு கணக்கா இருக்கு. எனக்குத் தெரிஞ்ச துப்பாக்கி இது ஒண்ணுதான்" என்றார்.

பழைய சக்கரத்தைப் பிரித்துவிட்டுப் புதுச் சக்கரம் வெட்டினார். மிஷினைத் தொடவில்லை. எல்லாம் கைத்தையல். கண்ணீர் வடிய வடியத் தைத்தார், துடைத்துக்கொள்ளவும் இல்லை. முடித்ததும் கொடியை அல்பேர்த்துவின் கையில் வைத்து, "எங்க அண்ணன் ஊருக்கு வந்து சேரல. இவங்க அண்ணனாவது போய்ச் சேரட்டும்" என்றார். அல்பேர்த்து அவரைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிரித்தெடுத்த சக்கரத்தை என்னிடம் கொடுத்தார். "இங்கன கிடந்தா பேரப்பிள்ளைக எடுத்து விளையாடிரும். உம்மகிட்ட இருக்கட்டும். என்னைக்காவது அவனுவ ஊர்ல இனி துப்பாக்கி வேண்டாம்னு வந்தா, இத அனுப்பிவிடும்" என்றார். அல்பேர்த்து விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கப்பல் மறுபடி இங்கே வரவில்லை.

அதன்பிறகு சீட்டு கொண்டுபோகும் போதெல்லாம் கேட்பார்: "நாசரேத்து, ரேடியோல அந்த ஊரப் பத்தி என்ன சொல்லுதான்?" சில நாள் ஒன்றும் இருக்காது. பிறகு வந்த செய்தியெல்லாம் கெட்ட செய்திதான். போர்த்துகீசியர் போன பின்னும் அங்கே சண்டை ஓயவில்லை. இப்போது தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்கிறார்கள். சொல்வேன். "அப்ப சக்கரம் உம்மகிட்டயே இருக்கட்டும்" என்பார்.

அடக்கம் முடிந்து வந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்தேன். என் பையிலிருந்த சீட்டையும் அதில் வைத்தேன். புத்தகமும் மண்வெட்டியும் உள்ள சக்கரம் அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பக்கத்தில் அல்பேர்த்துவின் விலாசம்.

இன்று காலையும் ரேடியோ கேட்டேன். இருக்கட்டும், அண்ணாச்சி.