பெயின்ட் வேலை என்று சொன்னவர்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டை ஒட்டிய சிஹாபுதீன் பாயின் பவுடர் கோட்டிங் ஷெட்டில் ஜெயசிங்குக்குப் பதினேழு வருஷ வேலை. அதற்கு முன் விசைத்தறியில் இருந்தார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் சுருண்டு விழுந்தவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். என்ன வேலை என்று டாக்டர் கேட்டதற்கு, பெயின்ட் அடிப்பதாகச் சொல்லிவைத்தார். வேதக்கோவிலிலும் கல்யாண வீட்டிலும் அப்படிச் சொல்லியே பழக்கம். பவுடர் கோட்டிங் என்றால் யாருக்கு விளங்குகிறது? மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் என்றதோடு டாக்டரும் விட்டுவிட்டார்.

பெயின்ட் வேறு, இது வேறு. இரும்பு கேட்டை ஆசிட் தொட்டியில் முக்கி எண்ணெயும் துருவும் போக்கி, கழுவிக் காயவைத்து, எர்த் கொடுத்த கொக்கியில் மாட்டுவார்கள். ஸ்ப்ரே துப்பாக்கி, மாவு போன்ற பவுடருக்குக் கரண்ட் ஏற்றி ஊதும். இரும்பு அதை இழுத்து அப்பிக்கொள்ளும். பிறகு இருநூறு டிகிரி ஓவனில் பவுடர் உருகித் தோலாகப் படிந்துவிடும். மூலைமுடுக்கிலெல்லாம் பவுடர் ஏற்ற ஜெயசிங் கைதான் வேண்டும்.

அவர் திரும்பி வந்த அன்று புதுத் துப்பாக்கி வந்திருந்தது. பெட்டிக்குள் ஒரு தாள். அதில் இருதயம் ஒன்று வரைந்து, குறுக்கே கோடு போட்டிருந்தது. பேஸ்மேக்கர் வைத்தவர் இதைத் தொடக்கூடாது என்று, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் புரிகிற படம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். விசையை அழுத்தும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து, துவைக்கப்போன மனைவி எப்சிபா கையில் அந்தத் தாள் சிக்கியது. புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே ஷெட்டுக்கு வந்து பாயிடம் நீட்டினாள்.

"ஏம்வே, மூணு நாளா எங்கிட்ட சொல்லத் தோணலையா?" என்றார் பாய். "நீரு இங்கன விழுந்து கிடந்தா இவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"துப்பாக்கிய விட்டா எனக்கு என்ன இருக்கு பாய்?"

"ஆசிட் தொட்டி இருக்கு."

பரிகாசமாகச் சொல்லவில்லை. கொடுக்க அவரிடம் வேறு வேலை இல்லை.

இப்போது துப்பாக்கி, உதவியாளாக இருந்த சங்கரசுப்பு கையில். கேட்டின் முக்குகளில் இரும்பு அப்படியே தெரிகிறது. கிட்டப் போய்க் காட்ட முடியாதபடி பாய் தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டார். ஜெயசிங் ஆசிட் சொட்டும் கையுறையோடு கோட்டுக்கு இப்புறம் நின்று சொல்லிப் பார்க்கிறார். கம்ப்ரசர் இரைச்சலில் சங்கரசுப்பு திரும்புவதில்லை.