வித்தைக்காரர்கள் ஜெயிப்பார்களா?

காஞ்சிபுரத்தில் ஒரு தறிவீடு. நெசவாளர் தணிகாசலம் பத்திரிகைக்கு எழுத வந்திருக்கும் எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு, ஊடுநூல் ஓட்டும் நாடாவை வீசிக்காட்டுகிறார். நான் கைதட்டுகிறேன். நேற்று மெட்ராஸில் பந்தை விரல்நுனியில் சுழற்றிக் கூட்டத்தையே சிரிக்கவைத்த அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

"அவங்க ஊர்ல போட்டி ஆடுற லீக் டீமோட நிஜமா மோதினா தோத்துடுவாங்க. வெறும் வேடிக்கை!" என்கிறேன்.

"எப்பிடி சார்? ஆடத் தெரியாதவன் வித்த காட்டிக்கினு இருக்க முடியுமா?" கண்ணைத் திறக்காமலே சிரிக்கிறார்.

பக்கத்தில் கரைக்கு நாடா போடும் அவர் மனைவி, "இன்னாங்க, முந்தானை சேக்குற எடம் வந்துடுச்சி" என்கிறார்.

அங்கே ஓர் இழை தப்பினாலும் புடவை பாழ். தணிகாசலத்தின் கண் திறக்கிறது, சிரிப்பு போய்விடுகிறது.

"கொஞ்சம் பேசாம இரு சார்."

என் குறிப்பேட்டில் அந்தப் பந்துக்காரர்களைப் பற்றி ‘தோற்பார்கள்’ என்று எழுதியிருந்ததைச் சத்தமில்லாமல் அடிக்கிறேன்.