சுகந்தியின் மூன்று ஸ்லைடர்கள்

போன ஞாயிறு ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது... ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கமரா டிரைவர் எழுதுகிறேன் – கமராவுக்கும் கணினிக்கும் நடுவில் நின்று, ஒன்று சொல்வதை மற்றதற்கு விளங்க வைக்கும் மென்பொருள். நாரந்தனையில், வீட்டில் இருந்தபடியே வேலை. பக்கத்துக் கரையோர மாதா கோயில் ஒன்றுக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். வெளிநாட்டு உறவுகள் திருநாளை நேரலையில் பார்ப்பதற்காக.

பயன்படுத்துகிறவருக்குச் சுதந்திரம் வேண்டாமா? இருபத்திரண்டு செட்டிங் வைத்தேன். எக்ஸ்போஷர், கெயின், காமா... அந்தக் கமராவில் எதையெல்லாம் மாற்றலாமோ அதற்கெல்லாம், திரையில் இழுத்துக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன வருடத் திருநாளில், கமராவைக் கவனிக்கும் ஜெசிந்தா அக்கா அதில் ஒன்றை இழுத்துவிட்டார். கடற்கரை வெயிலில் படம் வெளிறிப்போனது. எதை இழுத்தோம் என்றும் தெரியவில்லை, பழைய நிலைக்குத் திரும்ப வழியும் இல்லை. கனடாவிலிருந்து அவருடைய தங்கை போன் எடுத்து, "மாதாவின்ரை முகமே தெரியேல்லை அக்கா" என்று அழுதாராம்.

இந்த வருடம் என் டிரைவரைத் தூக்கிவிட்டார்கள். சுகந்தியிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். கம்பஸில் என்னோடு படித்தவள். அப்போதே என்னைவிட இரண்டு புள்ளி கூட எடுப்பாள். திருநாளை வீட்டிலிருந்து பார்த்தேன். அதே கமராதான். மாதாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

போன ஞாயிறு பூசை முடிய, சும்மா வந்தவன் போலக் கோயில் கணினிப் பக்கம் போனேன். திரையில் மூன்றே மூன்று ஸ்லைடர். வெளிச்சம், நிறம், தெளிவு. பக்கத்தில் 'பழையபடி' என்று ஒரு பொத்தான். இவ்வளவுதானா? இதற்கா ஊரெல்லாம் புகழ்?

ஜெசிந்தா அக்கா தேத்தண்ணி எடுக்கப் போன நேரம், வெளிச்சத்தைக் கடைசிவரை இழுத்தேன். படம் கெட வேண்டும் என்றுதான்... வேறெதற்கு?

கெடவில்லை. கொஞ்சம் வெளிறி, அத்தோடு நின்றது. மற்றப் பக்கம் இழுத்தேன். கொஞ்சம் மங்கி, அதுவும் நின்றது. கமரா எதுவரை போகும் என்று நான் பார்த்திருந்தேன். மாதாவின் முகம் எதுவரை தாங்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

"என்ன தம்பி, இழுத்துப் பாக்கிறீரோ?" தேத்தண்ணியோடு அக்கா நின்றார்.

"ஓம் அக்கா... சும்மா."

"நீர் எவ்வளவு இழுத்தாலும் கெடுக்க ஏலாது. அந்தப் பிள்ளை ஒரு பகல் முழுக்க இந்தக் கதிரையிலை இருந்து, நான் எங்கை பிழை விடுறன் எண்டு பாத்துத்தான் செய்தவ. நீர் உம்மடையதை எழுதேக்கை ஒருக்காலும் இஞ்சாலை வரேல்லையே?"

வரவில்லை. அவர் 'பழையபடி'யை அழுத்தினார். நான் செய்த அநியாயம் ஒரு நொடியில் மறைந்தது.

வீட்டுக்கு வந்து, எழுதிக்கொண்டிருக்கும் புது டிரைவரில் பதினெட்டு ஸ்லைடரை அழித்தேன். 'பழையபடி' பொத்தானையும் வைத்தேன். யாரிடம் கற்றேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

சுகந்தி இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்று நம்புகிறேன். வாசித்தால்... நன்றாகத்தான் செய்திருக்கிறீர், சுகந்தி.

வயிறு இன்னும் எரிகிறது.