இடம் மாறிய தந்திகள்

பகலில் டென்டல் லேபில் செயற்கைப் பல் செய்வாள் ஸ்ரீலக்ஷ்மி. சாயங்காலமானால் வலியசாலை வீட்டின் பின்னறையில் எலக்ட்ரிக் கிடார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கிடாரின் குரலை மாற்றித் தரச் சொல்லி ஊரிலுள்ள பாட்டுக் குழுக்காரர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் கணவன் கைலாஷுக்குப் பாட்டுக் கேட்கிற காது கிடையாது. அறை வாசலில் நின்று பார்ப்பதோடு சரி.

ஒருநாள் வித்துராவிலிருந்து ரெஜி வந்தான். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவன், சர்ச்சில் கிடார் வாசித்தவன். ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினில் சிக்கி இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கிடாரை உறையோடு மேஜைமேல் வைத்தான்.

“சேச்சி, இத யாருக்காவது குடுத்துருங்க. வீட்ல பாக்கப் பாக்க சங்கடமா இருக்கு.”

அவள் அவன் கையைப் பார்த்தாள். “கட்டைவிரலும் பக்கத்து விரலும் இருக்கே. இந்தக் கையால மீட்டுங்கோ. வலது கையால தந்திய அழுத்துங்கோ.”

“வலது கைக்கு ஒண்ணும் அறியாதே, சேச்சி.”

“இடது கை மட்டும் பொறக்கறச்சேயே படிச்சுண்டு வந்துதா?”

ரெஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிடாரை விட்டுவிட்டுப் போனான்.

கிடாரை அப்படியே திருப்பிப் பிடித்தால் மேலே இருக்கவேண்டிய தடித்த தந்தி கீழே போய்விடும். எல்லாத் தந்திகளையும் இடம் மாற்றியாக வேண்டும். கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சின்னத் துண்டு ஒன்று உண்டு. பற்களுக்குப் பயன்படுத்தும் கெட்டிப் பொருளிலேயே அதைப் புதிதாக அராவி எடுத்தாள். லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்தையும் அவள் இழைத்து இழைத்துப் பார்ப்பதைக் கைலாஷ் மூச்சடக்கிப் பார்த்தான்.

தந்திகளை மாட்டி அவள் கிடாரை ஸ்பீக்கரோடு இணைத்ததும், “சத்தம் எங்கேர்ந்து வரது? உள்ள மைக் இருக்கா?” என்று கேட்டான்.

“எதையாவது பேசிப் பாருங்கோ.”

குனிந்து “ஹலோ” என்றான். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. அவள் ஒரு தந்தியை நகத்தால் தொட்டாள். அறையே அதிர்ந்தது.

“வெறும் காந்தம்தான். சுத்தி தலைமுடியவிட மெல்லிசா கம்பி. மனுஷா பேசறது அதுக்குக் கேக்காது, தந்தி நடுங்கறது மட்டும் தெரியும்.”

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்றிருந்தது கைலாஷுக்கு. கிடாரின் மரத்தில் உள்ளங்கையை வைத்தான். அது இன்னும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

ரெஜி வந்து மீட்டிய முதல் தடவை, சத்தம் பொங்கி எழுந்து திடீரென்று அணைந்தது. அவன் முகம் கறுத்தது.

“நான் என்னமோ கெடுத்துட்டேன்.”

“இல்ல, தப்பு என்னோடது. வால்யூம் குமிழ் இப்ப மேல வந்துடுத்து. உங்க முழங்கை பட்டுத் திரும்பிடுத்து.”

அங்கேயே குமிழைக் கழற்றினாள், கம்பியை நேராகப் பற்றவைத்தாள். மறுபடி மீட்டச் சொன்னாள். இந்த முறை சத்தம் அணையாமல் நிலைத்தது.

கிடாரை எடுத்துக்கொண்டு போன ரெஜி அதன்பிறகு பல மாதங்கள் வரவில்லை. வாசிப்பதையே விட்டுவிட்டான் என்று கைலாஷ் நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனைக்கு வரச் சொல்லி அவனிடமிருந்து போன் வந்தது. இருவரும் வித்துராவுக்குப் போனார்கள்.

ரெஜியின் வலது கை விரல்கள் தந்திகளைத் தேடித் தேடிப் பிடித்தன. பாடுகிறவர்கள் அவனுக்காக ஒரு மூச்சு பொறுத்து, சேர்ந்துகொண்டார்கள். கைலாஷுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

“நன்னா வாசிக்கறானா?” என்று ரகசியமாகக் கேட்டான்.

“ரெண்டு எடத்துல தப்பு,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.