மீன் முடியட்டும்

யூ சுங்-வெய் பொய்யே சொல்லமாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. வானொலியில் வருடக்கணக்காகச் சாப்பாட்டைப் புகழ்கிறவர் பொய் சொல்லாமல் பிழைக்க முடியுமா? ஆனால் தன்னை மட்டமாகக் காட்டும் பொய் ஒன்றை அவர் வாயிலிருந்து எங்கள் கீலுங் துறைமுகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இதில் அவர் மட்டமாகத்தான் தெரிகிறார். அதனாலேயே அடித்துச் சொல்கிறேன், இது நடந்தது.

எங்கள் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம். செத்தவர்களுக்குக் கதவு திறந்துவிடும் மாதம். அந்த மாதத்தில் 'பேய்' என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாயில் எடுப்பதில்லை. 'நல்ல அண்ணன்மார்' என்போம். சுங்-வெய் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேய், பேய் என்று ஏலம் போடுவார். படித்தவராம்.

அன்று அவருக்கு 'இரவு உணவுத் தூதர்' என்று பட்டம் கொடுத்துத் தோளில் சிவப்புத் துணிப்பட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். பட்டையைக் கழற்றாமலே கோயில் வாசல் கடைத்தெருவில் கடை கடையாக இறங்கினார். நண்டு சூப், பன்றிக் குழம்புச் சோறு, வேர்க்கடலைப் பனிக்கூழ். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி ஒரு தீர்ப்பு.

"தூதரே, பட்டையில குழம்பு சொட்டுது" என்றான் சிப்பி ஆம்லெட் போடும் ஆ-காவ்.

"சொட்டட்டும்டா. இந்த ஊர்ல நான் உட்காராத கடை ஒண்ணு காட்டு, பார்க்கலாம்."

"இந்த மாசத்துல அப்படிக் கேக்காதீங்க. யாராவது காட்டிடுவாங்க."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

மழை பிடித்துக்கொண்டது. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். ஸ்கூட்டரை மீன் ஏலச் சந்தைப் பக்கம் நிறுத்தியிருந்தார். குறுக்கே ஒரு சந்து. அதில் ஒரு வெளிச்சம். ஒரு கடை.

அவருக்குத் தெரியாத கடை!

அந்த மனிதருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? உள்ளே போனார்.

ஒரே ஒரு வட்ட மேசை. சுற்றி ஒன்பது ஆண்கள், மீன்பிடிக்கிறவர்கள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. சுவரோரமாக ஒரு இடம் மட்டும் காலி.

"ஒரு ஆள்தான் குறைஞ்சுது. உட்காருங்க" என்றாள் முதலாளியம்மா.

ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவர் உள்ளே போனதும் பழையபடி நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் மேசை, பின்னால் சுவர், இரண்டு பக்கமும் தோள்கள்.

முக்காலியை இழுத்துப் போடப் பார்த்தார். அசையவில்லை. தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கியிருந்தது.

சூப் வந்தது. ஆவி வரவில்லை. ஒரு வாய் குடித்தார். உப்பு இல்லை. புளிப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. கண்ணை மூடினார். தீர்ப்பு வரவில்லை.

"எப்படி வாத்தியாரே?" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். அவர் இடது கையில் சுண்டுவிரல் இல்லை.

"ம்... மென்மையா இருக்கு."

அப்போதுதான் கவனித்தார். மேசை சமமாக இருந்தது. கிண்ணத்தில் சூப் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"நான் கிளம்பறேன். காலையில நிகழ்ச்சி இருக்கு."

யாரும் நகரவில்லை.

"மீன் இன்னும் வரலையே" என்றார் பெரியவர். "மீன் முடியட்டும். எல்லாரும் சேர்ந்து எழுந்திருப்போம்."

மீன் வந்தது. முழுசாக வேகவைத்த கொடுவா. ஒன்பது பேரும் மெதுவாகத் தின்றார்கள். மேல்பக்கம் தீர்ந்து நடுமுள் வெளியே தெரிந்ததும் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

காத்திருந்தார்கள்.

மீன்பிடி ஊரில் தட்டில் மீனைப் புரட்டமாட்டோம். மீன் புரண்டால் படகு புரளும். முள்ளை மெல்ல உருவி எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைத் தின்பதுதான் வழக்கம். சுங்-வெய் முள்ளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். ஆணி அடித்தமாதிரி இருந்தது.

"யாராவது எடுங்களேன்."

ஒன்பது பேரும் முள்ளையே பார்த்தார்கள்.

"வழி விடுங்க. எனக்கு மூச்சு முட்டுது."

"மீன் முடியட்டும், வாத்தியாரே."

சுவரில் சாய்ந்தார். முதுகு நனைந்தது. தடவிப் பார்த்தார். சுவர் இல்லை அது. இரும்பு. வரிசையாக ஆணித் தலைகள். அதற்கு அந்தப் பக்கம்... சளக்... சளக்... என்று ஏதோ மோதிக்கொண்டிருந்தது.

இதை முடித்தால்தான் வெளியே போக முடியும். அவருக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

குச்சிகளை மீனுக்கு அடியில் கொடுத்தார்.

"வேணாம்!" பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் ஐயா, கெஞ்சிக் கேட்கறேன். அப்படியே உட்காருங்க. விடியற வரைக்கும் உட்காருங்க."

"இதெல்லாம் மூடநம்பிக்கைங்க" என்றார் தூதர், வானொலிக் குரலில். குரல் பாதியில் உடைந்தது.

புரட்டினார்.

விளக்கு ஆடியது.

கிண்ணங்கள் எல்லாம் ஒரே பக்கமாக உருண்டன.

யாரும் கத்தவில்லை. ஒன்பது பேரும் அவரையே பார்த்தார்கள். ஒரு இளைஞன் அழுதான்.

வாசலைத் தேடினார்.

வாசல்... தலைக்கு மேலே இருந்தது.

இருட்டு.

முழங்கால் வரை தண்ணீர். இடுப்பு வரை. மார்பு...

மேலே கதவு திறந்தது. முதலாளியம்மாவின் முகம்.

"மீன் முடிஞ்சுதா? அப்ப நீங்க கிளம்புங்க."

கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டார்.

"அவங்க?"

"அவங்க இருக்கட்டும்."

விடியலில் ஏலச் சந்தைக் கூலிகள் சந்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அங்கே கடை இல்லை. வெறும் சுவர். குடித்துவிட்டு விழுந்திருக்கிறார் என்று சிரித்தார்கள். அவரும் அப்படியே சொல்லிக்கொண்டார். காலை நிகழ்ச்சியில் பேய் என்ற சொல் மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் தொலைக்காட்சியில் படங்கள் வந்தன. கடல் அமைதியாக இருந்தபோதே ஒரு படகு கவிழ்ந்துவிட்டதாம். ஒன்பது முகங்கள். அந்தப் பெரியவர். அழுத அந்த இளைஞன்.

அந்தப் படகு கிளம்பியது, விடியலில் அவரைச் சந்தில் தூக்கி உட்காரவைத்த அதே நாள் மாலை. அவரோடு மேசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒன்பது பேரும் உயிரோடு அவரவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறுதிச் சடங்குக்குப் போனார். பெரியவரின் மனைவி அவரை யாரென்று கேட்கவில்லை. ஊதுவத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, தானாகவே சொன்னாள்:

"கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி தூக்கத்துல கத்தினார், சார். யாரோ மீனைப் புரட்டிட்டான்னு. விடியக்காலையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். இப்பத்தான் மத்த எட்டு வீட்லயும் விசாரிச்சேன். எட்டுப் பேருக்கும் அதே ராத்திரி, அதே கனவு. வீட்ல சொல்லியிருக்காங்க. ஒருத்தருக்கொருத்தர் மட்டும் சொல்லிக்கல."

"ஏன்?"

"கடலுக்குப் போறப்ப கெட்ட கனவைப் பத்திப் பேசக்கூடாதுல்ல?"