பச்சைத் தண்ணி

எழுபதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியைக் கதவடைப்பு செய்தார்கள். சில மாதம் கழித்துத் திறந்தார்கள். ஆனால் உள்ளே போக வேண்டுமென்றால், 'ஸ்டிரைக் செய்தது தப்பு, மன்னிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பலர் போட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கும் இரண்டு பிள்ளைகள். இவர் போடவில்லை.

அதற்குப் பதிலாக மீன் வளர்க்கப் போகிறேன் என்றார். மீனைக் குழம்பில் மட்டும் பார்த்த மனிதர். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், செங்கல் சூளைக்கு மண் எடுத்து எடுத்துக் குளமாகிப் போன பள்ளம் ஒன்று இருந்தது. சூளையை மூடிவிட்ட உறவுக்காரர், சும்மாதானே கிடக்கிறது, வைத்துக்கொள் என்று விட்டார். மழை ஓய்ந்ததும் கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டோம்.

"மீனு தேறிச்சின்னா பொழச்சோம். தேறலன்னா எழுதிக் குடுத்துட்டு உள்ள பூட்றேன்" என்று சாப்பிடும்போது சொன்னார். அதற்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டோடு எழுந்து போனார்.

குஞ்சு கொடுத்த மீன் ஆபீசர் சைக்கிளில் ஒரு முறை வந்தார். "தண்ணி எப்பவும் பச்சையா இருக்கணும், அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். எங்கள் பக்கம் பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத, எதுவும் கலக்காத வெறும் தண்ணீர். ஜுரம் வந்தவனுக்குப் பச்சைத் தண்ணி கொடுக்காதே என்போம். இவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் அப்படித்தான் பட்டது.

அன்றிலிருந்து பள்ளம் குடிதண்ணீர்க் கிணறு மாதிரி ஆயிற்று. துணி துவைக்கக் கூடாது. இலை விழுந்தால் கூடையை விட்டு அரித்து எடுப்பார். பக்கத்துத் தோட்டத்து பாயின் எருமைகள் காலங்காலமாக மதியத்தில் வந்து அதில் ஊறும். பாய் நல்ல மனிதர், கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்துக் கீரை போட்டுக்கொண்டிருந்தார். இவர் கம்பை எடுத்துக்கொண்டு எருமைகளை விரட்டினார். விரட்டியதோடு விடவில்லை. பாயை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத மாட்டேன். பாய் மாடுகளை ஓட்டிப் போனார். மறுநாள் நடுவில் முள் வேலி வந்தது.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் கிடந்த செங்கல் துண்டுகூடத் தெரியும். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினார். மீனும் தெரிந்தது. தலை பெரிதாக, உடம்பு அகப்பைக் காம்பாக.

தை மாதம் ஆபீசர் மறுபடி வந்தார். "தண்ணி பச்சையா இருக்கணும்னு சொன்னேனே?"

"பச்சத் தண்ணிதான் சார் இது. ஒரு தூசு இல்ல, பாருங்க."

ஆபீசருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், நான் சொன்னது கலர்யா" என்றார்.

சிரித்து முடித்துப் பொறுமையாகச் சொன்னார். சாணம் தண்ணீரில் கரையும். அந்தச் சத்தையும் வெயிலையும் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத பாசி வளரும், தண்ணீர் பச்சையாகும். பாசியைப் பொடிப் பூச்சி தின்னும், இரண்டையும் மீன் தின்னும். மீன் கழிப்பது அடியில் சேறாகும், சேற்றிலிருந்து மறுபடி பாசிக்குச் சத்து போகும். பகலில் பாசி தண்ணீருக்குள் காற்றைக் கொடுக்கும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து அதே காற்றை இழுக்கும். "மப்பு போட்ட நாள்ல சாணி போடாதே. மீன் மேல வந்து வாயைப் பிளந்தா காத்து பத்தலைன்னு அர்த்தம். தண்ணிய அடி, உசரத்திலேர்ந்து கொட்டு."

அதில் எது உயிருள்ளது, எது வெறும் மண்ணும் வெளிச்சமும் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் உறைத்தது. எருமைகள் இத்தனை காலம் அந்தச் சத்தைச் சும்மா கொண்டுவந்து போட்டிருக்கின்றன. இவருக்கும் உறைத்திருக்கும். ஆனால் பாய் தோட்டத்துச் சாணக் குவியலைத் தாண்டி, வேலப்பன்சாவடியிலிருந்து வண்டி வைத்துச் சாணம் கொண்டுவந்தார். வீம்பு.

தண்ணீர் பச்சையாயிற்று. மீன் திரண்டது. ஆவணியில் வியாபாரி வந்து பார்த்து, அடுத்த வாரம் வலை போடலாம் என்றார். அதோடு வானம் மூடிக்கொண்டது. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஒரு இலை அசையவில்லை. கடைசி வாரம், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று இவர் சாணத்தைக் கொட்டினார். வேண்டாம் என்றேன். எதிலும் அளவு தெரியாத மனிதரிடம் என்ன பேசுவது?

விடிகாலையில் கொல்லைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளம் முழுக்க வாய். அத்தனை மீனும் மேலே வந்து காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது. இருவரும் தென்னை மட்டையால் தண்ணீரை அடித்தோம். கை சோர்ந்ததுதான் மிச்சம். சில மீன்கள் அதற்குள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

"பாய் ஊட்டு இன்ஜின் கீது" என்றேன்.

இவர் இன்னும் வேகமாக அடித்தார். பிறகு மட்டையைப் போட்டுவிட்டு வேலியை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பாய் எருமைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னிக்கு உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என் மேலதான். மன்னிச்சிக்கோங்க. மீனெல்லாம் செத்துகினு கீது."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "அத்த அப்பால பேசலாம். மொதல்ல வேலியப் பிரி, பைப்பு அந்தாண்ட வரணும்."

இன்ஜின் ஓடியது. குழாய் வாய்க்குக் கீழே ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம். தண்ணீர் அதில் மோதிச் சிதறிப் பள்ளத்தில் விழுந்தது. விழுந்த இடத்தை நோக்கி மீன்கள் நெருக்கியடித்து வந்தன. கொஞ்சம் கொஞ்சமாக வாய்கள் உள்ளே போயின. ஒரு கூடை மீன் செத்தது, மற்றது பிழைத்தது. மதியத்துக்கு மேல் வெயில் வந்தது. அதுவரை மூன்று பேர் பல்லிலும் பச்சைத் தண்ணி படவில்லை.

சாயங்காலம் இவர் கால் சேற்றைக் கழுவும்போது, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"பாய் கையில அவ்ளோ சுளுவா சொல்லிட்டியே. அதே வார்த்தைய அந்தக் கம்பெனிக்காரனுக்கு எழுதிக் குடுத்திருந்தா, இவ்ளோ பாடு எதுக்குய்யா?"

"பாய் கையில தப்பு பண்ணேன், சொன்னேன்" என்றார். "அங்க நான் இன்னாமே தப்பு பண்ணேன்?"

நான் சோறு போட்டேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.