பூஷ்தா கேட்ட கேள்வி

மொராக்கோவில், ஃபெஸ் பழைய நகரத்தில் பூஷ்தாவை ஏமாற்றக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. இதை ஊர் சொல்லவில்லை, பூஷ்தாவே சொன்னார். ஊரும் மறுத்ததில்லை. மறுத்தால் முழுக்கதையையும் மறுபடி உட்கார்ந்து கேட்கவேண்டும் என்கிற பயம் அதற்கு.

கதையும் சாதாரணக் கதை இல்லை. ஒரு கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவர். கழுதையும் இரவல். பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்த காலம், அந்தக் கழுதைக்கு லாடம் அடிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பாப் கீசா என்கிற கோட்டை வாசலிலிருந்து தோல் மூட்டை ஏற்றி, சந்து சந்தாக "வழி விடு, வழி விடு" என்று கத்தி, தொண்டை போனபிறகு வெளிநாட்டுக்காரர்களின் பெட்டி தூக்கி, முதுகு போனபிறகு ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் காவல் நின்றார். கடைசியில் கூரை பாதி விழுந்த ஒரு வீட்டை வாங்கி, தன் கையாலேயே சுண்ணாம்பு பூசி, விடுதி ஆக்கினார். அதன் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அவர் காவல் நின்ற ஹோட்டலின் பின்பக்கம் தெரியும். அதைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்.

காவல் நின்ற அந்த வாசல்தான் அவர் படித்த கல்லூரி. வந்து இறங்குகிற பயணியை எந்த ஆள், எந்த மூலையில், எந்த வார்த்தை சொல்லி மடக்குகிறான் என்பதை நின்ற இடத்திலிருந்தே மனப்பாடம் செய்தவர். ஆகவே அவர் விடுதிக்கு யார் வந்தாலும் முதலில் புதினாத் தேநீர், கூடவே பாடம். பாடம் முடிகிறவரை கண்ணாடிக் குவளை காலியாகாது. அவர் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

"ஸ்டேஷன்ல ஒருத்தன் வருவான். 'உங்க ஹோட்டல் மூடியாச்சு, தண்ணி புகுந்துடுச்சு'ம்பான். போய்ப் பாருங்க, ஹோட்டல் திறந்துதான் இருக்கும். 'ரோடு அடைச்சிருக்கு, இப்படிப் போலாம்'பான். ரோடு அங்கேயேதான் இருக்கும். 'ஹோட்டல்காரர் தம்பி நான், என்னைத்தான் அனுப்பினார்'ம்பான். எங்கப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை."

"என் பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருந்ததே?" என்று ஒரு ஜெர்மன்காரர் கேட்டார்.

"பெட்டியில எழுதி ஒட்டியிருந்தீங்கல்ல? அவன் படிச்சவன். போனை நீட்டி 'இந்தாங்க, ஹோட்டல்காரர் லைன்ல இருக்கார்'னா கையில வாங்காதீங்க. அந்தப் பக்கம் பேசறவன் அவன் கூட்டாளி. டாக்ஸியில கால் வைக்கறதுக்கு முன்னாடியே வாடகை பேசி முடிக்கணும். பெட்டி மடியில இருக்கணும், டிக்கியில போகக்கூடாது. இறங்கி, பெட்டி கைக்கு வந்த பிறகுதான் காசு."

"ஹோட்டல் உண்மையிலேயே மூடியிருந்தால்?"

"அப்படி நடந்ததில்ல," என்றார் பூஷ்தா.

அவருக்கு ஒரே மகள். பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. வீட்டுப் பெண்களின் பெயர் வீட்டோடு. கடைத்தெருவில் பூஷ்தா மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தால் "வீட்டுல" என்பார். மகளை "பிள்ளை" என்பார். விடுதிக்கு வருகிறவர்கள் வெகுளியாகப் பெயரைக் கேட்டால் தேநீர் எப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்.

அந்த மகளுக்கு அமைந்த மாப்பிள்ளை கெய்ரோக்காரர். வஜீஹ் என்று பெயர், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சுற்றுலா வந்து இவர் விடுதியில்தான் தங்கினார். பஸ் நிலையத்திலிருந்து எவனிடமும் சிக்காமல், யாரையும் வழி கேட்காமல், நேராக வந்து கதவைத் தட்டினார். விடுதி திறந்த நாளிலிருந்து அப்படி வந்து சேர்ந்த ஆள் இவர் ஒருவர்தான். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க தம்பி?" என்று பூஷ்தா கேட்டதற்கு, "எங்கப்பா ரயில் ஓட்டினவர். நிறைய ஸ்டேஷன் பார்த்திருக்கார்," என்று பதில் வந்தது. பெண் கேட்டு வஜீஹின் தாயும் சித்தியும் ஃபெஸுக்கு வந்தபோது பூஷ்தா யோசிக்கவே இல்லை.

தகப்பன் ரஃபாத் வரவில்லை. தண்டவாளத்தை விட்டு எழும்பிப் போகிற எதிலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு தகப்பன்மாரும் கையைப் பிடித்து ஃபாத்திஹா ஓதினால்தான் பேச்சு உறுதி. ஆகவே பூஷ்தாவும் மனைவியும் கெய்ரோவுக்குப் போவதென்று முடிவாயிற்று. அவர் நாட்டு எல்லையைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை.

கிளம்புகிற அன்று மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, அங்க யாரையும் திருடன்னு சொல்லிடாதீங்க. அவங்கப்பா தெற்கத்தி ஆளு, ரொம்ப மானஸ்தராம். ஒரு வார்த்தை தடிச்சா எழுந்து போயிடுவாராம். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துலயே அப்படி எழுந்து போனவராம்."

"திரும்பி வந்தாரா?"

"இன்னும் வரலையாம்."

"நான் எதுக்கும்மா வாயைத் திறக்கப்போறேன்?" என்றார் பூஷ்தா. மகள் தாயைப் பார்த்தாள். தாய் பெட்டியின் மேல் பூஷ்தாவின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்துக்கு வஜீஹ் வருவதாகத்தான் ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து மருத்துவமனையில் அவரை அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். தகப்பனை அனுப்பிவிட்டு, பூஷ்தாவின் போனுக்கும் செய்தி போட்டார். மொராக்கோ சிம் எகிப்தில் கண்ணையே திறக்கவில்லை.

வெளியே டாக்ஸிக்காரர்கள் கும்பலாக மொய்த்தார்கள். அந்தக் கும்பலை ஒதுக்கிக்கொண்டு, நீண்ட அங்கியும் கைத்தடியுமாக ஒரு முதியவர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பூஷ்தா அண்ணன்தானே? வாங்க, வாங்க. நான் வஜீஹோட அப்பா."

பூஷ்தா அசையவில்லை. பெட்டியை மட்டும் கால்களுக்கு நடுவே நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல தம்பின்னு சொல்லிட்டுத்தான் வருவாங்க," என்றார். "இங்க சம்பந்தி வரைக்கும் வந்துட்டீங்க. முன்னேற்றம்தான்."

ரஃபாத்துக்கு விளங்கவில்லை. "பையனை ஆஸ்பத்திரியில கூப்பிட்டுட்டாங்க. வண்டி அதோ நிக்குது. மஞ்சள் கார்."

"வண்டி இல்லாம வருவீங்களா?"

"சந்தேகமா இருந்தா பையன்கிட்டயே பேசுங்க." ரஃபாத் போனை நீட்டினார். பூஷ்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மனைவி அவர் காதோரம் சொன்னாள்: "ஏங்க, மாப்பிள்ளை மூக்கு அப்படியே இருக்குங்க."

"மூக்கை வெச்சுப் பார்த்தா இந்த ஊர்ல பாதிப் பேரு நமக்குச் சம்பந்திதான். நீ சும்மா இரு." பிறகு குரலை உயர்த்தினார். டாக்ஸிக்காரர்கள் வேடிக்கை பார்க்க நெருங்கி வந்தார்கள். "சரி பெரியவரே, ஒரே கேள்வி. நீங்க மாப்பிள்ளையோட அப்பான்னா, பொண்ணு பேரு என்ன? சொல்லுங்க, ஏறிக்கறோம்."

ரஃபாத் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். பல்குத்திக்கொண்டு நின்றவன், சிகரெட்டோடு நின்றவன், வாயைப் பிளந்துகொண்டு நின்றவன். அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"இங்க வேண்டாம்," என்றார்.

"தெரியாது."

"தெரியும். இங்க வேண்டாம்."

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறதுல ஒண்ணும் குறைஞ்சிடாது," என்று பூஷ்தா பெட்டியைத் தூக்கினார். "வேற ஆள் பாருங்க. நான் ஃபெஸ்காரன்."

டாக்ஸிக்காரர்கள் சிரித்தார்கள். ரஃபாத் சிரிக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு மஞ்சள் காரை நோக்கி நடந்தார்.

பூஷ்தா தன் பாடப்படி நடந்தார். கூப்பிட்டு வந்த ஒருவனையும் பார்க்கவில்லை. தூரத்தில், கூப்பிடாமல் சும்மா நின்ற ஒருவனிடம் போனார். ஷுப்ரா பகுதியில் மாப்பிள்ளை வீட்டு விலாசத்தைச் சொன்னார். வாடகை பேசினார். பேசிய வாடகையை மனைவி சாட்சியாக இரண்டாம் தடவை சொல்லவைத்தார். பெட்டி மடியில் ஏறியது. அதற்குமேல் பாதாம் பலகாரப் பெட்டி. எதிரே என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஏமாறாமல் உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவையா பாஷா?" என்றான் டிரைவர்.

"வந்து வந்து அலுத்துப்போச்சு."

"வழியில என் மச்சான் அத்தர் கடை இருக்கு. சும்மா ஒரு டீ குடிச்சிட்டு..."

"உன் மச்சானுக்கு என் சலாம் சொல்லு. வண்டி நிக்கக்கூடாது."

டிரைவர் கண்ணாடியில் அவரை மரியாதையோடு பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும் பூஷ்தா கழுத்தைத் திருப்பினார்.

"பின்னாடி ஒரு மஞ்சள் கார் வருது பாரு. கூட்டாளிங்க. விடாம வர்றாங்க."

"இது கெய்ரோ பாஷா. யாருக்குப் பின்னாடி கார் வரலை?"

மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அந்த மனுஷன் தனியாத்தாங்க வர்றாரு. கண்ணைத் துடைச்சிட்டு வர்றாரு," என்றாள்.

"தூசி," என்றார் பூஷ்தா.

ஷுப்ரா நெருங்கியபோது டிரைவர் வேகத்தைக் குறைத்தான். "பாஷா, அந்தத் தெரு அடைச்சிருக்கு. யாரோ பந்தல் போட்டிருக்காங்க. காலையிலேயே பார்த்தேன். இங்கேயே இறங்கி நடந்துடுங்க."

பூஷ்தா மனைவியைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஆயுசு முழுக்கக் காத்திருந்த வாசகம் அது. "ரோடு அடைச்சிருக்கு. கேட்டியா?" பிறகு டிரைவரிடம், "தம்பி, நீ இதைச் சொல்லுவேன்னு எனக்கு ஏர்போர்ட்லயே தெரியும். ஓட்டு."

டிரைவர் தோளைக் குலுக்கிவிட்டு ஓட்டினான். தெருமுனை திரும்பியதும் வண்டியின் மூக்கு சிவப்பும் நீலமுமான ஒரு துணிச்சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

தெரு அகலத்துக்கும் பந்தல். சரம் சரமாக விளக்குகள். வரிசையாக நாற்காலிகள், நாற்காலி நிறைய ஆட்கள். துணியை விலக்கிக்கொண்டு வஜீஹின் தாய் ஓடிவந்தாள். "வந்துட்டாங்க. மொராக்கோக்காரங்க வந்துட்டாங்க," என்று உள்பக்கம் திரும்பிச் சொன்னவள், டாக்ஸியை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன டாக்ஸியில வந்திருக்கீங்க? உங்களைக் கூப்பிட அவர் காலையிலேயே காரைக் கழுவிட்டுப் போனாரே?"

பூஷ்தா மடியில் பெட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் மஞ்சள் கார் வந்து நின்றது.

ரஃபாத் இறங்கினார். காரைப் பூட்டினார். பூட்டியாயிற்றா என்று இழுத்துப் பார்த்தார். பூஷ்தா இறங்கி, பெட்டி கைக்கு வந்தபிறகு, பேசிய வாடகையைக் கொடுத்தார். டிரைவர் போகவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, நடப்பதைப் பார்க்க நின்றுவிட்டான்.

"உள்ள கூட்டிட்டு வாங்க," என்றாள் வஜீஹின் தாய்.

"பொறு," என்றார் ரஃபாத். "இவர் யாரு?"

"இது என்ன பேச்சு? பொண்ணோட அப்பா. அவங்க வீட்டுல சாப்பிட்டுட்டு வந்தவ நான், எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். எனக்கு அவர் சொல்லட்டும். ஏர்போர்ட்டுல இருந்து தினுசு தினுசா ஆளுங்க வர்றாங்க. பெட்டியில பேர் இருக்கு, சரி. அதை யார் வேணாலும் எழுதலாம்." பந்தலுக்கு வாசலாக விட்டிருந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றார். "ஒரே கேள்வி. நீங்க பொண்ணோட அப்பான்னா, பொண்ணு பேரு என்ன? சொல்லுங்க, உள்ள போகலாம்."

பூஷ்தா பார்த்தார். முன்வரிசையில் பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஒருவர், அவர் பக்கத்தில் கத்தியோடு நாவிதர். தேநீர்த் தட்டோடு ஒருவர். மாடிகளில் வேறு ஆட்கள். முதுகுக்குப் பின்னால் டிரைவர். மகள் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் கல்யாணம். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தங்கை கல்யாணத்திலிருந்து போனமாதிரி இதிலிருந்தும் எழுந்து போய்விடுவார். ஃபெஸில் மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காவல் நின்ற அத்தனை காலத்தில் எத்தனை ஏமாற்றுக்காரர்களைப் பார்த்திருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று நின்றவன் ஒருவனும் கிடையாது. ஏதாவது ஒரு பெயரை எடுத்து வீசியிருப்பான். வாயை மூடிக்கொண்டு, கையில் வந்த ஆளை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தவர் எதிரே நிற்கிற இந்த மனிதர் ஒருவர்தான்.

"சொல்ல மாட்டேன்," என்றார் பூஷ்தா.

"கேட்கலை. உரக்கச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். கல்யாணம் நின்னாலும் சரி. தெருவுல வெச்சுச் சொல்ற பேரு இல்ல அது."

தேநீர்த் தட்டுக்காரர் தட்டை இன்னொரு கைக்கு மாற்றினார். ரஃபாத் தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை நீட்டினார்.

"இப்ப எனக்குச் சந்தேகம் இல்ல. உள்ள வாங்க சம்பந்தி."

பூஷ்தா பெட்டியைக் கீழே வைத்தார். விமானம் இறங்கியதிலிருந்து அது அவர் கையை விட்டுப் போவது அதுதான் முதல் தடவை. தானாக ஒரு மன்னிப்பும் கேட்டார், தன் பாணியில். "ஃபெஸ்ல இருந்திருந்தா நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீங்க."

"கேட்டிருப்பேன்," என்றார் ரஃபாத். "கார்ல ஏத்திக் கதவைச் சாத்திட்டுக் கேட்டிருப்பேன்."

டிரைவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தெரு அடைத்திருக்கிறது என்று தான் முதலிலேயே சொன்னதை அவன் புறா வறுவல் சாப்பிட்டுக்கொண்டே பந்தல் முழுக்கச் சொன்னான். மாலைத் தொழுகை முடிந்து வஜீஹும் வந்துசேர்ந்த பிறகு, இரண்டு தகப்பன்மாரும் கையைப் பிடித்து ஃபாத்திஹா ஓதினார்கள்.

விடுதியில் இப்போதும் பாடம் நடக்கிறது. தேநீர் முன்போலவேதான். கெய்ரோவில் ஒருவனாலும் தன்னை ஏமாற்ற முடியவில்லை என்பதை பூஷ்தா முதலிலேயே சொல்லிவிடுகிறார், அது உண்மையும்கூட. கடைசியில் மட்டும் ஒன்று சேர்த்திருக்கிறார்.

"கேட்டதுக்கெல்லாம் டக்குடக்குன்னு பதில் சொல்றவன் வண்டியில ஏறாதீங்க. 'இங்க வேண்டாம்'னு ஒருத்தர் சொன்னா, அவர் வண்டியில ஏறிடுங்க."

"மூக்கையும் பாருங்க," என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்.

பூஷ்தா அது காதில் விழாதவர்போல அடுத்த குவளையை நிரப்புவார்.